கேம் கன்சோலே டிஸ்கைக் கீறிவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்கில் கீறல் விழுந்துவிட்டால் முதலில் திட்டு வாங்குவது வீட்டில் இருக்கும் சிறுவர்கள்தான். "ஒழுங்காக உறைக்குள் வைக்கத் தெரியாதா?" என்று நானும் என் தம்பியைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அடுத்தடுத்து மூன்று டிஸ்குகளில், ஒரே இடத்தில், ஒரே அளவில் வளையம் விழுந்த பிறகுதான் தவறு அவனுடையது அல்ல, டிவிக்கு அடியில் இருந்த விளையாட்டுப் பெட்டியுடையது, அதாவது கன்சோலுடையது என்று புரிந்தது. அன்று தொடங்கி, பழைய கன்சோல்களைத் திறந்து பார்ப்பதும் பழுதுபார்ப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கீறல் கையால் விழுந்ததா, இயந்திரத்தால் விழுந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஸ்கின் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கையாலும் மேசையாலும் உறையாலும் விழுந்த கீறல்களுக்கு ஒழுங்கே இருக்காது. ஒன்று நேராக ஓடும், ஒன்று வளையும், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். பெரும்பாலும் முடி அளவு மெல்லியதாக இருக்கும்.

இயந்திரம் போட்ட கீறல் வேறு மாதிரி. நடுத்துளையை மையமாகக் கொண்ட முழு வட்டமாகவோ, அந்த வட்டத்தின் நீண்ட பகுதியாகவோ இருக்கும். விரல் நகத்தை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக இழுத்தால், அந்த வளையத்தில் நகம் தடுக்கி நிற்கும். சில டிஸ்குகளில் பள்ளத்தின் ஓரம் வெளுத்து, அரைத்துவிட்டது போல இருக்கும். குயவர் சக்கரத்தில் சுழலும் மண்மீது விரல் நுனியை வைத்தால் எப்படி வளையம் விழுமோ, அப்படித்தான் இதுவும். சுழலும் பொருளில் மட்டுமே இவ்வளவு ஒழுங்கான வட்டம் விழும். எவ்வளவு கவனக்குறைவானவராலும் கையால் அதைப் போட முடியாது.

அப்படி ஒரு வளையத்தைப் பார்த்தால், அந்தக் கன்சோலில் அடுத்த டிஸ்கைப் போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒருவேளை டிஸ்க்தான் சரியில்லையோ" என்று இன்னொன்றைப் போட்டுச் சோதித்து, இருந்த நல்லதையும் இழந்தவர்கள் ஏராளம்.

டிஸ்க் முழுக்கச் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தாலும் கேம் ஓடுகிறது. ஒரே ஒரு வளையம் விழுந்த டிஸ்க் ஏன் ஓடுவதில்லை?

டிவிடி என்பது தலா 0.6 மி.மீ. தடிமன் கொண்ட இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்தது. தகவல் நடுவே, ஒட்டுமிடத்தில் இருக்கிறது. லேசர் ஒளி மேற்பரப்பில் ஏறக்குறைய அரை மி.மீ. அகலத்தில் நுழைந்து, உள்ளே போகப் போகக் குவிந்து, தகவல் இருக்கும் இடத்தில் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஆகவே மேற்பரப்பில் உள்ள மெல்லிய கோடு அந்த ஒளியில் ஒரு சிறு பகுதியை மட்டுமே மறைக்கிறது. கண்ணாடி ஜன்னலில் ஒட்டியிருக்கும் முடி, தூரத்தில் உள்ள மரத்தை மறைப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

இதற்கு மேல், டிஸ்கில் பிழை திருத்தும் கூடுதல் தகவலும் எழுதப்பட்டிருக்கிறது. தகவல் வரிசையாக எழுதப்பட்டிருக்கும் தடத்தின் வழியே சில மி.மீ. நீளம் வரை படிக்க முடியாமல் போனாலும், மீதமுள்ளதை வைத்து அதைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்காக ஓடும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு துண்டைத்தான் கெடுக்கிறது. அதைச் சமாளித்துவிடலாம்.

வளையம் அப்படி அல்ல. தகவல் எழுதப்பட்டிருக்கும் தடமும் வட்டமாகத்தான் சுற்றுகிறது. கீறல் தடத்தின் கூடவே ஓடுவதால், தொடர்ந்து ஒரு சுற்று முழுவதும் ஒளி சிதறுகிறது. டிவிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். அரை மி.மீ. அகலமுள்ள ஒரு வளையத்துக்கு அடியில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள் இருக்கின்றன. பிழை திருத்தத்துக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை.

டிஸ்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான்.

எல்லோரும் எக்ஸ்பாக்ஸ் 360 பற்றியே பேசுகிறார்களே, அதில் என்னதான் நடந்தது?

2005 நவம்பர் 22 அன்று வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, மைக்ரோசாப்ட்டின் கன்சோல் அது. படுக்கவைத்தும் பயன்படுத்தலாம், நிறுத்திவைத்தும் பயன்படுத்தலாம் என்ற வசதியோடு வந்தது. உள்ளே இருந்தது சாதாரண டிவிடி வேகத்தைப் போல 12 மடங்கு வேக டிவிடி டிரைவ், அதாவது டிஸ்கைச் சுழற்றிப் படிக்கும் பகுதி. அந்த வேகத்தில் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 7,000 முறை சுற்றும். விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 150 கி.மீ. வரும். நெடுஞ்சாலையில் பறக்கும் காரின் வேகம்.

இப்போது பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழன்றுகொண்டிருக்கும் பம்பரத்தை விரலால் தள்ளினால் சாய மறுக்கும். சுழலும் எதுவும் தன் தளத்தை விட்டுக்கொடுக்காது. டிஸ்க் சுழலும் நேரத்தில் படுத்திருக்கும் பெட்டியை நிறுத்தினால் பெட்டி சாய்கிறது, டிரைவ் சாய்கிறது, டிஸ்க் மட்டும் பழைய தளத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்திருப்பது மேலிருந்து அழுத்தும் ஒரு சிறிய காந்தப் பிடிமானம். அந்தப் பிடி தளர்ந்தால் டிஸ்க் நழுவி, அடியில் இருக்கும் லேசர் தொகுதியின் மேல்பகுதியில் உரசுகிறது. அந்த வேகத்தில் பாலிகார்பனேட்டை அரைக்க ஒரு கணம் போதும். பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும், படம் நிற்கும், திரையில் டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி வரும். வெளியே எடுத்துப் பார்த்தால் வளையம் விழுந்திருக்கும்.

லேப்டாப்பில் டிஸ்க் ஓடும்போதே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

லேப்டாப் டிரைவில் டிஸ்கை நடுவில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். சுழலும் தண்டிலேயே சிறிய பிடிகள் இருக்கின்றன. அவை டிஸ்கின் துளையை இறுகப் பற்றுகின்றன. மேசைக் கணினியிலும் எக்ஸ்பாக்ஸ் 360-லும் உள்ள தட்டு வகை டிரைவில் அந்தப் பிடிகள் இல்லை, காந்த அழுத்தம்தான். மேசைக் கணினியை யாரும் ஓடும்போது தூக்குவதில்லை என்பதால் அங்கே அது போதுமானது. வரவேற்பறையில், பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில், இரண்டு நிலைகளிலும் வைக்கலாம் என்று விற்கப்படும் பெட்டிக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி. போதாது என்பதே என் உறுதியான கருத்து.

இது நடக்கும் என்று மைக்ரோசாப்ட்டுக்கு முன்பே தெரியாதா?

தெரிந்திருந்தது. ஊகமாக இதைச் சொல்லவில்லை. 2008 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த நீதிமன்ற ஆவணங்களில், ஹிரூ உமெனோ என்ற மைக்ரோசாப்ட் திட்ட மேலாளரின் வாக்குமூலம் இருந்தது. டிஸ்க் நகர்வது பற்றிய முதல் தகவல் கன்சோல் வெளிவருவதற்கு முன்பே, செப்டம்பர் அல்லது அக்டோபரில் வந்ததாகவும், காரணம் டிரைவ் குழுவுக்குத் தெரிந்திருந்ததாகவும் அவர் சொல்லியிருந்தார்.

மூன்று தீர்வுகள் ஆலோசிக்கப்பட்டன. காந்தத்தின் வலுவைக் கூட்டலாம். ஆனால் தட்டு திறந்து மூடும் இயக்கத்தை அது பாதிக்கக்கூடும் என்று விட்டுவிட்டார்கள். சுழலும் வேகத்தைக் குறைக்கலாம். கேம் ஏற நேரமாகும் என்று அதையும் விட்டார்கள். மூன்றாவது, டிஸ்க் நழுவினாலும் கெடாமல் தாங்கும்படி உள்ளே சிறிய மென்மையான தடுப்புகளைப் பொருத்துவது. அதற்கு 3.5 கோடி முதல் 7.5 கோடி டாலர் வரை செலவாகும் என்று கணக்கிட்டு அதையும் கைவிட்டார்கள். டிஸ்க் உள்ளே இருக்கும்போது நகர்த்த வேண்டாம் என்ற எச்சரிக்கை கையேட்டில் இடம்பெற்றது.

2008 ஏப்ரல் 30 வரை டிஸ்க் கீறல் பற்றிப் புகார் செய்தவர்கள் சுமார் 55,000 பேர் என்பதும் அதே ஆவணங்களில் இருந்த எண்ணிக்கை. நிறுவனம் டிஸ்க் மாற்றித் தரும் திட்டம் ஒன்றை நடத்தியது. ஆனால் அது தன் சொந்த வெளியீடுகளுக்கு மட்டும்தான், டிஸ்குக்கு 20 டாலர் கட்டணமும் உண்டு. அதே கன்சோலில் சிவப்பு வளையம் எரிந்து இயந்திரம் செத்துப்போகும் வேறொரு கோளாறுக்கு, 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கினார்கள். அந்தக் கோளாறில் பெட்டி செத்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இதில் செத்தது வாங்கியவரின் டிஸ்க். பழியை அவர்மீதே போட்டுவிட முடிந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதுதான்.

வழக்கு போட்டார்களே, என்ன ஆனது?

கீறல் விழுந்ததா இல்லையா என்ற கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோர் சார்பிலும் ஒரே வழக்காக நடத்த வேண்டும் என்று கேட்டபோது, ஒவ்வொருவருக்கும் காரணமும் இழப்பும் தனித்தனி என்று சொல்லி, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மத்திய நீதிமன்றம் 2009-இல் மறுத்தது. 2011-இல் வேறு சிலர் மீண்டும் வழக்குத் தொடுத்தார்கள். புகார் செய்தவர்கள் உரிமையாளர்களில் 0.4 சதவீதம் பேர்தான், தவறாகக் கையாண்டதே காரணம் என்பது மைக்ரோசாப்ட்டின் வாதம். மிகச் சிறிய அதிர்வைக்கூட டிரைவ் தாங்குவதில்லை, வழக்கமாக விளையாடும்போதே டிஸ்க் கட்டுப்பாடு இழந்து உள்பாகங்களில் மோதுகிறது என்பது உரிமையாளர்களின் வாதம்.

அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜூன் 12 அன்று முடிவு வந்தது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு மேல்முறையீட்டு நடைமுறையைப் பற்றியது மட்டுமே. கூட்டு வழக்குக்கு அனுமதி மறுக்கப்பட்டவர்கள், தங்கள் வழக்கைத் தாங்களே தள்ளுபடி செய்யவைத்து அந்த வழியில் மேல்முறையீட்டுக்குப் போக முடியாது என்று அது சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கின் பெயர் அடிபடுவது அதற்காகத்தான், டிஸ்குக்காக அல்ல.

மற்ற கன்சோல்களில் இந்தப் பிரச்சினை இல்லையா?

உண்டு. காரணம் வேறு. 2004-இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மூடியைத் திறந்தால் லேசர் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் நேராகத் தெரியும். அந்த லென்ஸ் தொகுதியிலிருந்து ஒரு பட்டையான ரிப்பன் கேபிள் கிளம்பி, மடிந்து, மதர்போர்டுக்குப் போகிறது. லென்ஸ் உள்ளும் புறமும் நகரும்போது அந்த மடிப்பும் உருண்டு உருண்டு விரிகிறது. ஆண்டுக்கணக்கில் மடிந்து விரிந்த கேபிள் தன் வடிவத்தை இழந்து மேல்நோக்கிப் புடைத்துவிட்டால், மேலே சுழலும் டிஸ்கின் அடியைத் தொடும். பார்த்தால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைதான். ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து உரசினால் அதுவும் வளையம் போடும். வாங்கிய புதிதில் ஒழுங்காக இருந்த கன்சோல் காலம் போகப்போக டிஸ்கைத் தின்னத் தொடங்குவது என்றால் அது இதுதான். பழுதுபார்ப்பவர்கள் கேபிளை ஒழுங்காக மடித்து, மெல்லிய டேப்பால் கீழே ஒட்டிவிடுவார்கள். சில நிமிட வேலை.

முதல் பிளேஸ்டேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடியதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை. ஆரம்ப மாடல்களில் லென்ஸ் ஓடும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து லென்ஸ் சாய்ந்துவிடும். கவிழ்த்தால் ஓரளவு நேராகும். ஆனால் அது படிக்க முடியாத கோளாறு, டிஸ்கைக் கெடுக்கும் கோளாறு அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாய் போன்ற பிளவில் டிஸ்கைச் செருகும் கன்சோல்கள் பாதுகாப்பானவையா?

நின்டெண்டோவின் வீ (Wii), முதலில் வந்த பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்றவை அந்த வகை. உள்ளே உருளைகள் டிஸ்கைப் பற்றி இழுத்துக்கொள்கின்றன. உருளையின் ரப்பர் காய்ந்து இறுகிவிட்டாலோ, வாயில் மணல் துகள் சிக்கியிருந்தாலோ கோடு விழும். டிஸ்க் உள்ளே போகும் திசையிலேயே, நேர்க்கோடாக விழும். முன்பு சொன்ன காரணத்தால் அது வளையத்தைவிடத் தீங்கு குறைந்தது. வளையமாக விழுந்தால் மட்டும் உள்ளே வேறு ஏதோ உரசுகிறது என்று பொருள்.

எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013 நவம்பரில் வெளிவந்த நாட்களில் சில பெட்டிகளின் டிரைவ் பற்கள் அரைபடுவது போலச் சத்தம் எழுப்பி, டிஸ்கை ஏற்காமல் நின்றது. மைக்ரோசாப்ட் அவற்றை மாற்றித் தந்தது. இந்த முறை தாமதிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிறுத்திவைப்பதா, படுக்கவைப்பதா?

படுக்கவையுங்கள். நிறுத்தினாலே கீறல் விழும் என்பதல்ல. நிறுத்திய பெட்டி ஒரு கை பட்டால் விழும், அது விழும் நேரத்தில் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும். ஒலிபெருக்கியின் மேல் வைக்காதீர்கள். எந்த நிலையில் இருந்தாலும், டிஸ்க் உள்ளே இருக்கும்போது பெட்டியைத் தொட வேண்டாம்.

ஹார்ட் டிஸ்கில் கேமை ஏற்றிக்கொண்டால் தப்பிக்கலாமா?

பெருமளவு தப்பிக்கலாம். 2008 நவம்பர் 19 அன்று வந்த புதுப்பிப்பிலிருந்து எக்ஸ்பாக்ஸ் 360-இல் அந்த வசதி இருக்கிறது. முழு கேமையும் ஏற்றிவிட்டால், தொடங்கும்போது அசல் டிஸ்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு டிஸ்க் சுழல்வது நின்றுவிடும், சத்தமும் அடங்கும். அந்தக் கன்சோலை இன்னும் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அதன் பக்கமே போகாதீர்கள்; டிஸ்க் மிக வேகமாகச் சுழல்வது அப்போதுதான்.

பழைய கன்சோல் வாங்கப் போகிறேன். கீறுமா என்று எப்படிச் சோதிப்பது?

உங்களுக்குத் தேவையே இல்லாத, ஆனால் கீறல் இல்லாத ஒரு பழைய டிவிடி படத்தைக் கையோடு கொண்டுபோங்கள். போடுவதற்கு முன் விற்பவர் முன்னிலையிலேயே அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, பல இடங்களுக்குத் தாவித் தாவிப் பாருங்கள். அப்போதுதான் லென்ஸ் முழுத் தூரமும் நகரும். சீறல் போன்ற காற்றுச் சத்தம் இயல்பானது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தட்டுவது போன்ற ஒலியோ, தேய்க்கும் ஒலியோ வந்தால் உடனே நிறுத்துங்கள். எடுத்ததும் மீண்டும் விளக்கடியில் பிடித்துப் பாருங்கள்.

விற்பவரிடம் இருக்கும் கேம் டிஸ்குகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டில் ஒரே ஆரத்தில் வளையம் இருந்தால் அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

விழுந்த வளையத்தை மெருகேற்றி நீக்க முடியுமா?

டிவிடியிலும் சிடியிலும் முடியும், பள்ளம் ஆழமாக இல்லாவிட்டால். மெருகேற்றும் இயந்திரம் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பைப் பள்ளத்தின் அடி வரை சமமாகத் தேய்த்து எடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் டிஸ்க் மெலிகிறது. நாலைந்து முறை செய்ய இதில் இடமில்லை. நகம் நன்றாகத் தடுக்கும் அளவு ஆழமென்றால் கையால் தேய்க்கும் எந்தப் பசையும் உதவாது. பற்பசை வேண்டவே வேண்டாம். அது புதிய கீறல்களைத்தான் உண்டாக்கும்.

புளூ-ரே டிஸ்கை, அதாவது பிளேஸ்டேஷன் 3 முதல் இன்றுவரை வரும் டிஸ்குகளை, தேய்க்கவே கூடாது. அதில் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. அதைக் காக்க வெளியே கடினமான பூச்சு ஒன்று உண்டு. சாதாரணக் கீறலை அது நன்றாகத் தாங்கும். தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான்.

சிடியில் இன்னொரு எச்சரிக்கை. அதன் தகவல், படம் அச்சிட்ட பக்கத்துக்கு நேர் அடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் எந்த மெருகும் காப்பாற்றாது.

டிஸ்க் போனால் போகட்டும், இணையத்தில் வாங்கிக்கொள்ளலாமே?

பல கேம்களுக்கு அந்த வழி அடைந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. முன்பே வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். புதிதாக அந்தக் கன்சோலிலிருந்து வாங்க முடியாது. புதிய இயந்திரங்களுக்குக் கொண்டுவரப்படாத கேம்களைப் பொறுத்தவரை, இப்போது உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தத் தகடுதான் கேம்.

ஓடாத டிஸ்கைத் தூக்கி எறிந்துவிடலாமா?

வேண்டாம். ஒரு டிரைவ் படிக்க மறுப்பதை இன்னொன்று படித்துவிடுவதுண்டு. லென்ஸின் நிலையும் பிழையைச் சமாளிக்கும் திறனும் டிரைவுக்கு டிரைவ் மாறும். எக்ஸ்பாக்ஸ் 360-இலேயே நான்கு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் டிரைவுகள் பொருத்தப்பட்டிருந்தன. என் தம்பியின் மூன்று டிஸ்குகளில் இரண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நண்பர் வீட்டு இயந்திரத்தில் முழுவதுமாகப் படிக்கப்பட்டு ஹார்ட் டிஸ்கில் ஏறின. மூன்றாவதை உறையில் போட்டு, எந்தக் கன்சோலில் கீறல் விழுந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இன்னொரு டிரைவ் கிடைக்கும்போது மறுபடி போட்டுப் பார்ப்பேன்.